பூனையும் நீல அம்பும்

சர்க்யூட் போர்டு வரைய அவளுக்கு மூன்று மென்பொருள்கள் இருந்தன. மூன்றோடும் அவளுக்குச் சண்டை.

முதலாவதற்கு அவள் வைத்த பெயர் யானை. இறக்குவதற்கே அரை நாள் தின்றது. திறந்தால் திரை கொள்ளாத பொத்தான்கள். எதைத் தொட்டாலும் இன்னொரு ஜன்னல் திறந்து, முதலில் அதைச் செய்தாயா, இதைச் செய்தாயா என்று வீட்டுப்பாடம் கேட்கும். இரண்டாவது கஞ்சன். பார்க்க லட்சணம், பழக இனிமை. ஆனால் உள்ளங்கை அகலத்துக்கு மேல் ஒரு கோடு இழுத்தால் போதும், முகத்தைத் திருப்பிக்கொண்டு சந்தா கேட்கும். மூன்றாவது பூனை. அதை இறக்கவே வேண்டாம். இணையத்தில் முகவரியைத் தட்டினால் தானாக வந்து மடியில் உட்கார்ந்துகொள்ளும். நெட் போனால் பூனையும் போய்விடும்.

இத்தனைக்கும் அவள் வரைய நினைத்தது ராக்கெட்டுக்கான சர்க்யூட் போர்டு இல்லை. முன்னறை ஜன்னலில் இருக்கும் சின்ன விளக்கு, இருட்டினால் தானாக எரிய வேண்டும், விடிந்தால் தானாக அணைய வேண்டும். அவ்வளவுதான்.

"இதுக்குப் போயி எதுக்குடி இந்தப் பாடு? கடையில ரெடியா விக்குதே. வாங்கி மாட்டிட்டு காலை நீட்டி உக்காரலாம்ல" என்றாள் கேஷியர் அக்கா. அவர்கள் இருவரும் வேலை செய்வது மூக்குக்கண்ணாடிக் கடையில். அக்கா முன்னால் உட்கார்ந்து பில் போடுகிறவள். இவள் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவள். நாள் முழுக்க தண்ணீர் பீய்ச்சும் சக்கரத்தில் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து, ஃபிரேமில் வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்து, விரல் இடுக்கெல்லாம் வெள்ளை மாவு அப்பிக்கொண்டு வீடு திரும்புவாள்.

"கடையில வாங்கறதுல என்னக்கா இருக்கு?" என்று மட்டும் சொன்னாள். உண்மையான பதிலைச் சொன்னால் அக்கா சிரிப்பாள். சிரித்தால்கூடப் பரவாயில்லை, பாவம் என்று பார்த்துவிட்டால் தாங்க முடியாது.

உண்மையான பதில் அவளுடைய புருஷன்.

தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கப்பல்காரர். சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன். போனால் பருவம் மாறித்தான் வருவார். வந்தால் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கிற ஸ்விட்சையெல்லாம் கழற்றி மாட்டுவார், பிறகு பெட்டியைக் கட்டுவார். ஆனால் இருக்கும் நாட்களில் ஒன்று மட்டும் தவறாது. அவள் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு ஜன்னல் விளக்கைப் போட்டு வைத்திருப்பார். பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனை திரும்பினால், வரிசையாக எல்லா வீட்டிலும் வெளிச்சம், அதில் தன் வீடும் ஒன்று. அதைப் பார்த்ததும் கால் தானாக வேகம் பிடிக்கும். அவர் இல்லாத நாட்களில் அந்த வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி அவள் வீடு மட்டும் இருட்டாக இருக்கும். பூட்டைத் தடவி, சாவியைத் தடவி, சுவரைத் தடவி ஸ்விட்சைக் கண்டுபிடிக்க வேண்டும். பழகிப்போயிருக்க வேண்டும். பழகவில்லை. அவளுக்கு அவர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

மழைக்கு முன்னால் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதுவரைக்கும் ஒரு விளக்கு, அது தானாக எரியட்டும். அப்படித்தான் ஆரம்பித்தது.

இன்னொரு காரணமும் இருந்தது. அந்தக் கப்பலில் நெட் கேப்டனுக்குத்தான். மற்றவர்கள் துறைமுகத்தில் இறங்கினால்தான் வீட்டுக்குப் பேச முடியும். அத்தனை நாள் காத்திருந்து போன் வந்தால் இரண்டு பேருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"ஆச்சு. உடம்பு?"

"நல்லாருக்கு. அங்க வெயிலா?"

"வெயில்தான்."

வானிலை அறிக்கை அதோடு முடியும். அப்புறம் "சரி, வெச்சிடவா?" பிரியம் இல்லாமல் இல்லை. பேச எதுவும் கைவசம் இல்லை. அவர் பார்க்கிற கடலை இவள் பார்க்கவில்லை, இவள் தேய்க்கிற லென்ஸை அவர் பார்க்கவில்லை. அப்படி ஒரு போனில், வேறு வழியில்லாமல், விளக்குக்கு ஒரு போர்டு வரையலாம் என்று இருக்கிறேன் என்று சொல்லிவைத்தாள். மறுமுனையில் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தது இங்கே கேட்டது. என்ன சென்சார், எத்தனை வோல்ட், ரிலே வைக்கிறியா, எங்கே வைக்கிறே என்று மூச்சுவிடாமல் கேட்டார். கல்யாணமான புதிதில்கூட அவர் அவளிடம் அவ்வளவு பேசியதில்லை. அன்றைக்கு வானிலையைப் பற்றி இருவருமே கேட்க மறந்துபோனார்கள்.

ஆகவே எந்த மென்பொருள் என்பது சாதாரணக் கேள்வியாக இல்லாமல் போயிற்று.

எலக்ட்ரானிக்ஸ் ஆர்வலர்களுக்கென்று ஒரு குழு இருந்தது. போனில் அதில் சேர்ந்து, "புதுசா கத்துக்கறேன். போர்டு வரைய எது நல்லது?" என்று பவ்யமாக ஒரு வரி போட்டாள். குளவிக் கூட்டில் கைவிட்டது அப்புறம்தான் தெரிந்தது. யானைக் கட்சி ஒருபக்கம், கஞ்சன் கட்சி ஒருபக்கம், நீ முதலில் பென்சிலால் வரைந்து பழகு என்று உபதேசிக்கிற கட்சி இன்னொரு பக்கம். கேட்டவளை மறந்துவிட்டு அவர்களுக்குள் பழைய கணக்கையெல்லாம் தீர்த்துக்கொண்டார்கள். அதில் ஈயப்புகை என்று புனைபெயர் வைத்துக்கொண்ட ஒருவர்தான் கடைசியில் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவர் எழுதிய நிஜப் பெயர்களை அவள் தன் யானை, பூனையாக மாற்றிப் படித்துக்கொண்டாள்.

"யானையைப் பிடிங்க. கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா உங்க வேலை உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கும், யாரும் பிடுங்க முடியாது. பூனைப் பக்கம் மட்டும் போயிடாதீங்க. அந்தக் கம்பெனி நாளைக்கே கடையை மூடினா உங்க போர்டு காத்தோட போச்சு."

நியாயமான பேச்சு. அவளும் யானையோடு மல்லுக்கட்டினாள். ரிலே என்கிற தானியங்கி ஸ்விட்ச் ஒன்றை எடுத்து வைக்கக் கற்றுக்கொள்வதற்குள் கண் பிதுங்கிவிட்டது. ஆனாலும் வைத்தாள். வெளிச்சத்தை உணரும் சென்சார், ஒரு ரெசிஸ்டர், ஒரு டிரான்சிஸ்டர், ரிலே, விளக்குக்குப் போகும் இரண்டு வயர். புத்தகத்தில் இருந்த படத்தை அப்படியே பார்த்துப் போட்டாள். இருட்டினால் சென்சார் ரிலேயைத் தட்டி எழுப்பும், ரிலே டிக் என்று ஒட்டிக்கொள்ளும், விளக்கு எரியும். பெருமை தாங்காமல் கோப்பை அவருக்கு மெயிலில் அனுப்பினாள்.

அடுத்த துறைமுகத்திலிருந்து அவர் போன் செய்தபோது குரல் தொங்கிப்போயிருந்தது. மாலுமிகள் வந்து இளைப்பாறுகிற விடுதியில் ஒரு பொதுக் கம்ப்யூட்டர் உண்டு. அதில் எதையும் நிறுவ விடமாட்டார்கள். யானை வாசலிலேயே நின்றுவிட்டது.

"படமா எடுத்து அனுப்பேன், பாத்து சொல்றேன்."

"நீங்க பாத்து சொல்றதுக்கு மட்டுமா இத்தனையும்?" என்றாள். கோபம் யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு ஒரு யோசனை வந்தது. "கொஞ்சம் இருங்க. வெச்சிடாதீங்க."

பூனையைத் திறந்தாள். யானையில் போட்ட படத்தை அதில் மளமளவென்று மறுபடி போட்டாள். மனப்பாடம் ஆகியிருந்தது. முகவரியை எடுத்து அவருக்கு அனுப்பினாள். பூனையில் ஒரே படத்தை இரண்டு பேர் திறக்கலாம் என்று எங்கேயோ படித்திருந்தாள், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையின் ஓரத்தில் நீல நிறத்தில் ஒரு சின்ன அம்பு வந்து நின்றது. அதன் வாலில் 'கப்பல்காரர்' என்று எழுதியிருந்தது.

அவள் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டாள். அம்பு தயங்கியது. வீட்டுக்குள் வருகிறவர் செருப்பைக் கழற்றுகிற மாதிரி ஓரத்திலேயே கொஞ்சம் அசைந்தது. பிறகு மெல்ல நகர்ந்து சென்சாரைத் தொட்டது, ரெசிஸ்டரைத் தொட்டது, ரிலேயைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. படம் அனுப்பினால் அவர் அதைப் பார்ப்பார். இது வேறு. அவர் பார்ப்பதையே இவள் பார்க்கிறாள். அவர் கண் எங்கே போகிறதென்று தெரிகிறது. ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"எங்க போயிட்டே? உன் சிவப்பு அம்பு அசையவே இல்லையே" என்றார் போனில்.

"இங்கதான் இருக்கேன்" என்று சொல்லி மவுஸைப் பிடித்தாள்.

அன்றைக்கு வேலை ஒன்றும் நடக்கவில்லை. அவர் ரெசிஸ்டரை எடுத்து இந்தப் பக்கம் வைப்பார், இவள் எடுத்து அந்தப் பக்கம் வைப்பாள். அவர் ரிலேயைத் தலைகீழாகத் திருப்பினார், இவள் அதைப் பிடுங்கி மூலையில் ஒளித்து வைத்தாள். அதைத் தேடிக்கொண்டு நீல அம்பு திரை முழுக்க அலைந்தது. போனில் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் விடுதிக்காரர் வந்து எட்டிப் பார்த்தாராம். போர்டின் ஓரத்தில் எழுத்தும் பதிக்கலாம் என்று கண்டுபிடித்து, 'சாப்பிட்டீங்களா' என்று எழுதினாள். 'ஆச்சு' என்று பக்கத்தில் வந்து விழுந்தது. கேட்டது பழைய கேள்விதான். ஆனால் இந்தத் தடவை அவளுக்கு இனித்தது.

மறுநாள் குழுவில், பூனையையே எடுத்துக்கொண்டேன் என்று எழுதினாள். ஈயப்புகைக்கு மனசு கேட்கவில்லை. "எவ்வளவு சொல்லியும் இப்படிப் பண்ணிட்டீங்களே. என்ன காரணம்?" என்றார். "வசதியா இருக்குங்க" என்று பதில் போட்டுவிட்டுத் திரையை அணைத்தாள். வேறு என்னத்தைச் சொல்வது?

கப்பல் கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு தினமும் கடையிலிருந்து வந்ததும், இருட்டில் ஸ்விட்சைத் தடவிப் போட்டதும், முதல் வேலை பூனையைத் திறப்பதுதான். அவளுடைய சிவப்பு அம்பு மட்டும் தனியாக நிற்கும். கடலுக்கு நடுவில் இருக்கிற மனிதர் எப்படி வருவார் என்று புத்திக்குத் தெரியும். மனசுக்கு யார் சொல்வது? ஓரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். தேய்த்த லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் தேடுகிற பழக்கத்தில், வெறும் திரையில் நீலப் புள்ளி தேடுவாள்.

அடுத்த துறைமுகம் வந்த அன்று அவள் சக்கரத்தின் முன்னால் இருந்தாள். பின்னறையில் போன் வைத்துக்கொள்ள முதலாளி விடமாட்டார். சாயந்திரம் எடுத்துப் பார்த்தால் எடுக்காமல் விட்ட அழைப்புகள் வரிசையாக நின்றன. திருப்பி அடித்தால் மணி போகவே இல்லை. அதற்குள் கப்பல் ஏறியிருக்கிறார். கேஷியர் அக்காவிடம்கூடச் சொல்லாமல் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்து பூனையைத் திறந்தாள். அவர் வந்துபோயிருந்தார். சென்சாரும் ரெசிஸ்டரும் இடம் மாறியிருந்தன. மேலே இருந்தது கீழே, கீழே இருந்தது மேலே.

"இருங்க, உங்களுக்கு இதே விளையாட்டு" என்று வாய்விட்டுச் சொன்னாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது. தான் இல்லாத வீட்டில் அவர் வந்து உட்கார்ந்து, சும்மா இருக்க முடியாமல் இரண்டை மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தாள். புத்தகத்தைப் பார்த்து இரண்டையும் பழையபடி வைத்தாள். ரிலே மூலையில் இருந்தது. அந்தப் பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. அன்றைக்கே, போர்டு செய்து தரும் கம்பெனியில் ஆர்டர் கொடுத்தாள்.

ஒன்று போதும் என்றாலும் ஐந்தாகத்தான் செய்து தருவார்களாம். பச்சை நிறத்தில் ஐந்து போர்டுகள் வந்தன. ஓரத்தில் 'சாப்பிட்டீங்களா', 'ஆச்சு' என்று வெள்ளை எழுத்து. எழுத்தின் புள்ளி ஒருபக்கம், கால் ஒருபக்கம் பிய்ந்து கிடந்தாலும் படிக்க முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பற்றவைத்தாள். இரண்டு இடத்தில் விரலைச் சுட்டுக்கொண்டாள். வயரை மாட்டியதும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. மத்தியான வெயிலில்.

சாயந்திரம் இருட்டத் தொடங்கியதும் டிக் என்று சத்தம் வந்தது. விளக்கு அணைந்துவிட்டது.

மறுநாளும் அதே கதை. ஊரே வெளிச்சமாக இருக்கும்போது ஜம்மென்று எரிந்து, வேண்டிய நேரத்தில் சமர்த்தாக அணைந்தது. "உன் வீட்டு விளக்குக்கு நைட் டூட்டி ஒத்துக்கல போலிருக்கு" என்றாள் கேஷியர் அக்கா. தெருமுனை திரும்பும்போது அந்த இருட்டு ஜன்னல் முன்னைவிட அதிகமாக வலித்தது. இப்போது அது அவள் கையாலேயே செய்த இருட்டு.

அவர் போன் வந்தது ஒரு விடுமுறை நாளில், சாயந்திரம். ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. விளக்கும் வெட்கமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டே பூனையைத் திறந்தாள். நீல அம்பு ஏற்கனவே வந்து காத்திருந்தது.

"என்னங்க, விளக்கு பகல்ல எரியுது, இருட்டினா அணையுது."

அம்பு சென்சார் பக்கம் போய் நின்றது. "நான் மாத்தினத நீ திருப்பி வெச்சிட்டியா?"

"விளையாட்டுக்கு மாத்தினீங்கன்னு நெனச்சேன்."

"நல்ல விளையாட்டு. ரிலேயப் பாத்தியா நீ? விளக்கு வயர அதோட அடுத்த காலுக்கு மாத்தினேனே."

பார்த்தாள். மூலையில், ரிலேயின் மேல்காலில் அவள் மாட்டியிருந்த கோடு கீழ்க்காலுக்கு இறங்கியிருந்தது.

"கப்பல்ல எமர்ஜென்சி விளக்கெல்லாம் இப்படித்தான் போடுவோம்" என்றார். வேலையைப் பற்றிப் பேசும்போது அவர் குரலுக்கு ஒரு தெம்பு வரும். "ரிலே உயிரோட இருந்தா விளக்க அணைச்சுப் பிடிச்சு வெச்சிருக்கும். அது செத்துப்போச்சுன்னா விளக்கு தானா எரியும். இருட்டுல யாரும் மாட்டிக்கக் கூடாதுல்ல? உனக்கும் அதேமாதிரி பண்ணேன். ரிலேயோட கால மாத்தினா சென்சாரையும் ரெசிஸ்டரையும் இடம் மாத்தணும். நீ ஒண்ணத் திருப்பிட்டு ஒண்ண விட்டுட்டே, அதான் தலைகீழா ஆயிடுச்சு."

"என்னோடது என்ன தப்பு? புத்தகத்துல அப்படித்தானே இருக்கு?"

"தப்பில்ல. ஆனா உன்னோடதுல போர்டு கெட்டுப்போனா வீடு இருட்டு. என்னோடதுல போர்டு கெட்டாலும் விளக்கு எரியும். நீ இருட்டு வீட்டுக்கு வரக் கூடாதுன்னுதான்."

அவளுக்கு மனசு இளகிப்போயிற்று. அவ்வளவு தூரத்தில், யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, தெருமுனையில் திரும்புகிற அவளை நினைத்திருக்கிறார். சந்தோஷத்தில் கண் நிறைந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது.

"ஏங்க, மழைக்கு முன்னாடி வந்துடுவீங்கல்ல? புது போர்டு அதுக்குள்ள ஏன் கெடப்போகுது?"

நீல அம்பு சென்சாரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது.

"அப்படியே கெட்டாலும் நீங்கதான் இருப்பீங்களே. எழுந்து ஸ்விட்சப் போட மாட்டீங்களா?"

"அது வந்து..." என்றார்.

அந்த 'அது வந்து' அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு தடவையும் பெட்டி கட்டுவதற்கு முன்னால் அதுதான் வரும்.

"மாத்து ஆள் கிடைக்கலயாம். இன்னொரு சுத்து போயிட்டு வந்துட முடியுமான்னு கேக்கறாங்க. போன துறைமுகத்துலயே கேட்டாங்க. உன்கிட்ட சொல்லலாம்னுதான் அன்னிக்கு அத்தனை தடவை அடிச்சேன். நான் இன்னும் ஒண்ணும் சொல்லல." பிறகு, "நீ என்ன சொல்றே?" என்றார்.

'உங்க இஷ்டம்.' இத்தனை வருஷமாக அவள் சொல்லிவந்த பதில் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அதைச் சொன்னால் நல்ல மனைவி, பொறுமைசாலி. அவரும் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். வீட்டில் தன்னை அவ்வளவாகத் தேடுகிறவர்கள் இல்லை என்று அவர் நினைத்திருந்தால், அவர்மேல் குற்றம் சொல்ல முடியுமா?

வெளியே வெளிச்சம் மங்கிவிட்டது. டிக். விளக்கு அணைந்தது. அறையில் திரையின் வெளிச்சம் மட்டும் மிச்சம்.

"எனக்கு இஷ்டமில்ல" என்றாள்.

"என்ன?"

"எனக்கு இஷ்டமில்லன்னேன். போர்டு கெட்டா எரியற விளக்கு எனக்கு வேணாம். எனக்கு நீங்க வேணும். தெருமுனையில திரும்பும்போது வீட்ல நீங்க இருக்கணும். எத்தனை தடவை உங்க இஷ்டம், உங்க இஷ்டம்னு சொல்லியிருக்கேன், ஒரு தடவைகூட அது நெசமில்ல." குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டுவிட்டாள். "வந்துடுங்களேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் போன் அறுந்துவிட்டது. திருப்பி அடித்தாள். மணி போகவில்லை. பூனை மட்டும் எப்படியோ திறந்தபடி இருந்தது. நீல அம்பு சென்சாருக்குப் பக்கத்தில், விட்ட இடத்திலேயே அசையாமல் நின்றது. அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறாரா, எழுந்து போய்விட்டாரா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தாள். இருட்டில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அம்பு அசைந்தது.

நேராக மூலைக்குப் போயிற்று. ரிலேயின் கீழ்க்காலில் மாட்டியிருந்த கோட்டைப் பிடித்துக் கழற்றியது. கொஞ்சம் தயங்கி, அதை மேல்காலுக்குக் கொண்டுபோய் மாட்டியது. அவள் முதன்முதலில் போட்ட இடம் அது. சென்சாரை அவர் தொடவில்லை, அதை அவளே முன்பே பழையபடி வைத்திருந்தாள்.

போர்டு கெட்டால் வீடு இருட்டாகிவிடும் இடம்.

அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் நம்பப் பயமாக இருந்தது. எழுத்துக் கருவியை எடுத்து, பக்கத்தில் எழுதினாள்: 'போர்டு கெட்டுப்போனா?'

நீல அம்பு அந்த வரிக்குக் கீழே வந்து நின்றது. எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

'நான் இருப்பேன்ல.'